கொழும்புத் துறைமுகத்தில் ஒரு படலை

இலங்கையின் வயல்களிலும் தோட்டங்களிலும் தெளிக்கப்படும் கிருமிநாசினிகளின் மூலச்சரக்கு எதுவும் இந்த நாட்டில் உற்பத்தியாவதில்லை. இங்கே கலக்கிறார்கள், போத்தலில் அடைக்கிறார்கள், பெயர் ஒட்டுகிறார்கள். சரக்கு கடல் கடந்துதான் வருகிறது. ஆகவே ஒரு கமக்காரர் வீட்டுக் கோடிப்புறத்தில் எந்த நஞ்சு இருக்கலாம், எது இருக்கவே கூடாது என்பதைத் தீர்மானிக்கும் படலை கொழும்புத் துறைமுகத்தில் இருக்கிறது. அதை யார் பிடித்திருக்கிறார், எதைப் பார்த்துத் திறக்கிறார், எதைப் பார்த்துச் சாத்துகிறார் என்பதில் பல்லாயிரம் உயிர்கள் தங்கியிருந்தன. கடந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் அந்தப் படலை நிதானமாகச் சாத்தப்பட்ட காலத்தையும் பார்த்தோம், ஒரே இரவில் அறைந்து சாத்தப்பட்ட காலத்தையும் பார்த்தோம். இரண்டின் விளைவும் இப்போது நம் முன்னால் கிடக்கிறது.

தொடக்கத்தில் படலையே இருக்கவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. 1934-35இல் வந்த மலேரியா, சுமார் எண்பதாயிரம் பேரைக் கொண்டுபோன நாடு இது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு டி.டி.ரி. வந்தது. முதுகில் தொட்டியோடு வந்த மலேரியா இயக்கத்து ஆட்கள் வீட்டுச் சுவரெங்கும் வெள்ளையாக அடித்துவிட்டுப் போனார்கள். 1963ஆம் ஆண்டில் முழு நாட்டிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. அடுத்த சில ஆண்டுகளில் காய்ச்சல் திரும்பி வந்து இலட்சக்கணக்கானோரைப் படுக்கையில் போட்டது வேறு கதை. ஆனால் இரசாயனம் என்றால் பிள்ளையைக் காப்பாற்றிய பொருள் என்ற நம்பிக்கை அந்தத் தலைமுறையின் மனதில் ஊறிவிட்டது. அதனால்தான் பூச்சிக்கு அடிப்பதையும் 'மருந்து' என்றே சொன்னோம். நம்பிக்கையோடு வரவேற்கப்பட்ட ஒன்றுக்கு யாரும் காவல் போடுவதில்லை.

அறுபதுகளில் புதிய நெல்லினங்கள் வந்தன, உரம் வந்தது, கூடவே ஒகனோபொஸ்பேட் வகை மருந்துகள் வந்தன. யாழ்ப்பாணச் செம்மண்ணில் வெங்காயம், மிளகாய், புகையிலை, பிறகு உருளைக்கிழங்கு, திராட்சை என்று காசுப்பயிர் பெருகிய காலம் அது. பூச்சி பிடித்தால் ஒரு போகமே போய்விடும். அரிசி, சீனி, மண்ணெண்ணெய் விற்கிற கடையிலேயே மருந்தும் விற்றது. பெரிய ரின்னில் இருந்து சின்னப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பார்கள். போத்தல் வேறெதற்கோ இருந்த போத்தல். அதில் பெயரும் இல்லை, அளவும் இல்லை. வாங்கிவந்தவர் வாளித் தண்ணீரில் ஊற்றிப் பூவரசந் தடியால் கலக்குவார், மூடி அளவு கையளவாக இருக்கும். சாரத்தை மடித்துக் கட்டி, வெறும் மேலோடு, காற்றுக்கு எதிரேயும் நின்று அடித்த ஆட்களைச் சிறுவயதில் நான் கண்டிருக்கிறேன். பின்னேரம் தலை சுற்றுகிறது என்று திண்ணையில் படுப்பார்கள். தேசிக்காய்த் தண்ணி கொடுத்தால் சரியாகும் என்பது வீட்டு வைத்தியம். மிச்ச மருந்து வளைமுகட்டில் சொருகப்பட்டிருக்கும்.

அங்கேதான் பேராபத்து இருந்தது. புருசன் பெண்சாதிச் சண்டை, சோதனையில் தவறிய பிள்ளை, கடன்காரன் வாசலில் வந்து நின்ற அவமானம், இப்படி ஒரு கணத்தில் மனம் உடைந்தவரின் கைக்கெட்டும் தூரத்தில் அந்தப் போத்தல் இருந்தது. சாக வேண்டும் என்று நாட்கணக்காக நினைத்து முடிவெடுத்தவர்கள் அவர்களில் மிகக் குறைவு என்பதைப் பிற்கால ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டின. அரை மணித்தியாலம் கடந்திருந்தால் கோபம் ஆறியிருக்கும். ஆனால் அன்று கடைகளில் இருந்த சரக்கு அந்த அரை மணித்தியாலத்தைக் கொடுக்கவில்லை. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனாலும் பிழைப்பது அரிதாக இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் வியாபாரம் இன்னும் தாராளமாயிற்று.

இதை முதலில் எண்ணிப் பார்த்தவர்களில் முக்கியமானவர் பேராசிரியர் ஜெயரத்தினம். தொழில்சார் மருத்துவத்தில் உழைத்த அவர், சகாக்களோடு அரசாங்க வைத்தியசாலைகளின் பதிவேடுகளைப் புரட்டி 1982இல் வெளியிட்ட ஆய்வு, எழுபதுகளின் பிற்பகுதியில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 13,000 பேர் பீடைகொல்லி நஞ்சோடு வார்ட்டில் அனுமதிக்கப்பட்டார்கள் என்றும், அவர்களில் ஆயிரம் பேரளவில் இறந்தார்கள் என்றும் சொன்னது. அப்போது நாட்டின் சனத்தொகை ஒன்றரைக் கோடிக்கும் குறைவு. மலேரியாவும் தடுப்பூசி போட்டுத் தடுக்கக்கூடிய தொற்றுநோய்களும் சேர்ந்து கொன்றவர்களைவிட அதிகம் பேரை இது கொன்றது. வார்ட்டுப் பதிவேட்டின் வரிகளைக் கூட்டிப் பார்த்த இந்த வேலைதான் பின்னால் வந்த எல்லா நல்ல விதிகளுக்கும் அடியில் இருப்பது என்று நான் நம்புகிறேன்.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்தக் காலத்தில் வந்தது. பேராதனைக்குப் பக்கத்தில், கெட்டம்பேயில், விவசாயத் திணைக்களத்தின் கீழ் பீடைகொல்லிப் பதிவாளர் என்ற ஒரு பதவி உருவானது. பதிவு செய்யப்படாத எந்தப் பீடைகொல்லியையும் இறக்குமதி செய்யவோ கலக்கவோ பொதி செய்யவோ விற்கவோ கூடாது என்றது சட்டம். கொண்டுவர விரும்பும் கம்பனி தன் பொருளின் நச்சுத்தன்மை, எச்சம், மண்ணிலும் நீரிலும் அது என்னவாகிறது என்ற விவரம் எல்லாவற்றையும் கோப்பாகக் கொடுக்க வேண்டும். உள்நாட்டு நிலத்தில் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். விவசாயம், சுகாதாரம், சுற்றாடல் எனப் பல துறையினர் உட்காரும் தொழினுட்பக் குழு அதைப் படித்துவிட்டு ஆலோசனை சொல்லும். பதிவு நிரந்தரம் அல்ல, காலம் முடிந்ததும் திரும்பக் கேட்க வேண்டும். அந்தக் கடைசி ஏற்பாடு மிகவும் புத்திசாலித்தனமானது. ஏனென்றால் ஒரு நஞ்சை நாட்டுக்குள் விட்டது தவறென்று தெரிந்தால், பெரிய போர்முழக்கம் எதுவும் இல்லாமல், அடுத்த முறை பதிவைப் புதுப்பிக்காமல் விட்டாலே போதும்.

அப்படித்தான் நடந்தது. 1984இல் பரத்தியோனும் மெதைல் பரத்தியோனும் நிறுத்தப்பட்டன. பொலிடோல் என்ற பெயரில் ஒவ்வொரு கிராமத்துக்கும் தெரிந்திருந்த சரக்கு அது. அதன் இடத்துக்கு வந்தவை மொனோகுரோட்டபொஸும் மெத்தமிடபொஸும். உலக சுகாதார நிறுவனத்தின் முதலாம் வகுப்பு, அதாவது அதியுயர் நச்சுத்தன்மை கொண்டவை, அவையும்தான். 1995இல் நாட்டின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்துக்குப் போயிருந்தது. உலகத்திலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. 1950இல் இருந்ததைப் போல எட்டு மடங்கு. அந்த ஆண்டோடு எஞ்சியிருந்த முதலாம் வகுப்பு மருந்துகளுக்கும் படலை சாத்தப்பட்டது.

அதன்பின் நடந்ததைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கமக்காரர்களும் கம்பனிகளும் எண்டோசல்பானுக்கு மாறினார்கள். வகைப்படுத்தலில் அது இரண்டாம் வகுப்பு, காகிதத்தில் சற்றுச் சாதுவானது. ஆனால் வார்ட்டில் வேறு கதை. அதைக் குடித்தவர்கள் நிற்காத வலிப்பில் இறந்தார்கள். 1994இல் ஒன்றாக இருந்த எண்டோசல்பான் மரணம் 1998இல் ஐம்பதாக ஏறியது என்று ஓர் ஆய்வு கணக்குக் காட்டியது. 1998இலேயே அதுவும் நிறுத்தப்பட்டது. அடுத்து வந்த மூன்று ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை மூன்று. வார்ட்டில் ஒரு டொக்டர் கண்டது, பதிவேட்டில் ஏறி, ஆய்வுக் கட்டுரையாகி, கெட்டம்பேயில் கோப்பாகி, துறைமுகத்தில் சரக்கை நிறுத்தும் உத்தரவாக முடிந்த பாதை இது. ஒரு சிறிய, ஏழை நாட்டில், அதுவும் யுத்தத்தின் நடுவில் நடந்தது. அதே 1998இல் தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டமும் நீக்கப்பட்டது. பொலிஸுக்குப் பயந்து நோயாளியை மறைத்த குடும்பங்களுக்கு அது பெரிய விடுதலை.

2008 முதல் 2011 வரை டைமெத்தோயேட், பென்தியோன், பரகுவாட் மூன்றும் படிப்படியாக வெளியேற்றப்பட்டன. பரகுவாட்டை ஒரேயடியாக நிறுத்தவில்லை. முதலில் அதன் செறிவைக் குறைத்தார்கள், மாற்று களைகொல்லிகள் கடையில் வந்து சேரும்வரை காத்திருந்தார்கள், பிறகுதான் முற்றாக நிறுத்தினார்கள்.

விளைவு என்ன? 1995இல் எட்டாயிரத்துக்கு மேல் இருந்த ஆண்டுத் தற்கொலை மரணங்கள், சனத்தொகை கூடியும், பின்னைய ஆண்டுகளில் மூவாயிரத்தைச் சுற்றி வந்து நின்றன. மூவாயிரம் என்பதும் கொடிய எண்தான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 1995 முதல் 2015 வரையான இருபது ஆண்டுகளில் இந்த விதிகளால் காப்பாற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 93,000 பேர் என்று 2017இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஓர் உயிருக்கு நேரடியாகச் செலவானது ஐம்பது டொலரிலும் குறைவு. நஞ்சு குடித்து வார்ட்டுக்கு வந்தோர் தொகை அந்த அளவுக்கு விழவில்லை, இறந்தோர் தொகைதான் விழுந்தது. மனிதரின் துயரம் போய்விடவில்லை, கைக்கு அகப்பட்ட பொருள் மாறியது. பிழைத்தவர்களில் பெரும்பாலானோர் திரும்ப அந்த வழிக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போனார்கள், பிள்ளை பெற்றார்கள், தோட்டம் செய்தார்கள்.

இதற்கு மாறான ஒரு பரீட்சையும் நடந்தது. நஞ்சைத் தடுப்பதற்குப் பதில், வீட்டில் பூட்டுப் போட்ட பெட்டியில் வைத்தால் என்ன என்று கேட்டார்கள். கம்பனிகளுக்கும் பிடித்த யோசனை அது. அனுராதபுர மாவட்டத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளை எடுத்து, ஒரு பாதிக் கிராமங்களுக்குப் பெட்டி கொடுத்து, பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது. பெட்டி கொடுத்த ஊருக்கும் கொடுக்காத ஊருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பொறுப்பை வீட்டுக்காரர் தலையில் கட்டுவது எளிது. ஆனால் உயிரைக் காத்தது துறைமுகத்தில் போட்ட பூட்டு.

தோட்டக்காரர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும், அவர்கள் முறைப்பாட்டில் நியாயம் உண்டு. வலிகாமத்தில் வெங்காயம் வைக்கும் முதியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, அந்தக் காலத்து மருந்து ஒரு அடியிலை கேக்கும். இப்ப வாறது நாலு தரம் அடிக்க வேணும். விலையும் நாலு மடங்கு."

"ஐயா, விளைச்சல் குறைஞ்சதோ?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "விளைச்சல் குறையேல்லை. செலவுதான் கூடிப்போச்சு. ஆனா என்ரை தமையன்ரை பெடியன் பொலிடோல் குடிச்சுத்தான் செத்தவன். அதைத் திருப்பிக் கொண்டு வா எண்டு நான் சொல்ல மாட்டன்."

அவர் சொன்னதையே தரவுகளும் சொல்கின்றன. தடைகளுக்கு முன்னும் பின்னும் நெல், மரக்கறி விளைச்சல்களைப் பதிவாளர் அலுவலகத்தவரும் ஆய்வாளர்களும் ஒப்பிட்டு 2008இல் வெளியிட்டார்கள். தடைசெய்த ஆண்டுகளை ஒட்டி விளைச்சல் விழுந்ததற்கான தடயம் அதில் இல்லை. காரணம் சிக்கலானதல்ல. ஒவ்வொரு தடைக்கும் முன்னால் 'இது போனால் எது?' என்ற கேள்விக்கு விடை தயாராக இருந்தது.

இன்று ஒரு கடைக்குப் போனால் மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. மருந்து விற்க அனுமதிப்பத்திரம் வேண்டும், அது சுவரில் தொங்குகிறது. உணவுப் பொருள் விற்கும் இடத்தில் மருந்து வைக்க முடியாது. போத்தல் மூடி முத்திரையிடப்பட்டிருக்கிறது. லேபிளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுத்து உண்டு, பதிவிலக்கம் உண்டு, எந்தப் பயிருக்கு எவ்வளவு என்றும், அடித்து எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்றும் உண்டு. எழுத்து மிகச் சின்னது. கண்ணாடி போட்டாலும் அறுபது வயதுக்காரருக்கு எட்டாது. சில லேபிள்களின் தமிழ், மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் விழுந்து எழுந்து வந்தது போல இருக்கிறது. அறுவடைக்கு முந்திய நாள்கணக்கைத் தவறாகப் புரிந்துகொண்டால் அது சந்தைக்கு வந்து நம் கறிச்சட்டிக்குள் விழும். சட்டம் கேட்கும் மூன்று மொழியில் ஒன்று ஒப்புக்கு அச்சிடப்படுவதை ஒரு சின்னக் குறையாக நான் பார்க்கவில்லை.

போத்தலுக்குப் பின்னால் இருக்கும் கடதாசிப் பாதையும் நீண்டது. பொருளுக்குப் பதிவு இருந்தால் மட்டும் போதாது, வரும் சரக்குக்குப் பதிவாளரின் சம்மதம் வேண்டும். இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் தேவைப்படும் பொருள்கள் தனி. அவற்றைக் காட்டினால்தான் சுங்கம் கொள்கலனை விடும். சர்வதேச அளவில் 1998இல் ஏற்கப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்த ரொட்டர்டாம் உடன்படிக்கையும் இப்போது உண்டு. அதன் பட்டியலில் உள்ள ஒரு பொருளை, வாங்கும் நாடு முன்கூட்டியே அறிந்து சம்மதிக்காமல் அனுப்பக் கூடாது. எழுபதுகளில் இலங்கைக்கு இப்படி 'வேண்டாம்' என்று சொல்ல ஒரு முகவரிகூட இருக்கவில்லை.

வடக்குக்கு இந்த வரலாறு சற்று வேறாக வந்து சேர்ந்தது. சட்டம் வந்து மூன்றாம் ஆண்டில் யுத்தம் தீவிரமானது. தொண்ணூறுகளில் யூரியாவே தடைப்பட்ட பொருளாக இருந்த மண்ணில், பதிவிலக்கத்தை யார் பார்ப்பது? வந்ததை அடித்தார்கள், வராதபோது வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து அடித்தார்கள். அந்த ஆண்டுகளின் நஞ்சுக் கணக்கைத் தெற்கின் கணக்கைப் போல நிதானமாக யாரும் எழுதிவைக்க முடியவில்லை.

இனி மற்றப் பக்கம். 2015 வரை படலையைச் சாத்தியவர்கள் தரவைக் கையில் வைத்திருந்தார்கள். 2015இல் முறை மாறியது. வடமத்திய மாகாணத்தில் காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் ஆயிரக்கணக்கான கமக்காரர்களைத் தின்றுகொண்டிருந்தது. களைகொல்லியான கிளைபோசேட்டுக்கும் அந்த நோய்க்கும் தொடர்பிருக்கலாம் என்ற கருதுகோள் அப்போது எழுந்தது. அதே ஆண்டு மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் கிளைபோசேட்டைப் பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்ற வகுப்பில் சேர்த்தது. பொலன்னறுவையைச் சேர்ந்த ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, மக்களின் வேதனையை அருகிருந்து கண்டவர், இறக்குமதியை நிறுத்தினார். அந்த மக்கள்மேல் இருந்த அக்கறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் சிறுநீரக நோய்க்கும் அந்த மருந்துக்கும் உள்ள தொடர்பு நிறுவப்படவில்லை, மாற்றும் தயாராக இருக்கவில்லை. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் களை ஏறியது. கையால் பிடுங்கும் வேலை, ஏற்கெனவே குறைந்த சம்பளத்தில் முதுகு வளைந்த தோட்டத் தொழிலாளர்மேல் விழுந்தது. சில தோட்டங்கள் வேறு களைகொல்லிகளை நாட, தேயிலையில் அவற்றின் எச்சம் பற்றி ஜப்பானில் இருந்து எச்சரிக்கை வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்ந்தது.

2021இல் நடந்தது அதைவிடப் பெரிது. அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்த நேரம். இயற்கை விவசாயத்துக்கு மாறப்போகிறோம் என்று அறிவித்த அரசாங்கம், அந்த ஆண்டு மே 6ஆம் திகதி வர்த்தமானி மூலம் இரசாயன உரம், பீடைகொல்லி இரண்டின் இறக்குமதியையும் ஒருசேர நிறுத்தியது. எந்த மருந்து ஆளைக் கொல்கிறது, எது கொல்லவில்லை என்று நாற்பது ஆண்டுகளாகப் பிரித்தறிந்த வேலை ஒரே கையெழுத்தில் அர்த்தமிழந்தது. எல்லாமே தடை என்றால் தெரிவு செய்ய எதுவும் இல்லை. நவம்பரில் அரசு பின்வாங்கியபோது பெரும்போகத்துக்கு நிலம் பண்படுத்தி விதைத்தாகிவிட்டது. 2021-22 பெரும்போக நெல் முந்திய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. 2021இல் முப்பது கோடி கிலோவை ஒட்டியிருந்த தேயிலை அடுத்த ஆண்டு இருபத்தைந்து கோடியில் வந்து நின்றது. கிளிநொச்சியிலும் பொலன்னறுவையிலும் அம்பாறையிலும் வெளிறிப்போன நெற்கதிரைக் கையில் பிடித்துக்கொண்டு மனிதர் தெருவில் நின்றதை நாடு முழுவதும் பார்த்தது.

அந்த நவம்பரில் இன்னொன்றும் நடந்தது. கிளைபோசேட் உள்ளிட்ட சில மருந்துகளின் தடையை நீக்கி ஒரு வர்த்தமானி வெளியானது. சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது, வெளியிட்ட பதிவாளர் பதவியிலிருந்து அகற்றப்படுவார் என்று துறை அமைச்சர் அறிவித்தார். அவர் செய்தது சரியா பிழையா என்பது வேறு விவாதம். ஆனால் 1980இல் சட்டம் ஒரு தொழினுட்ப அலுவலரின் கையில் ஒப்படைத்த படலை, 2021இல் யார் கைக்குப் போயிருந்தது என்பதை அந்த அறிவிப்பு காட்டிவிட்டது. கிளைபோசேட் இறக்குமதிக்கு 2022 ஆகஸ்டில் மறுபடி வழி விடப்பட்டது, அனுமதிப்பத்திரத்தின் கீழ்.

2021 மே 6ஆம் திகதி வர்த்தமானி வந்து இரண்டு கிழமையில், மே 20ஆம் திகதி, கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தது. அதில் 1,486 கொள்கலன்கள், 25 தொன் நைத்திரிக் அமிலம், வேறு இரசாயனங்கள், ஆயிரக்கணக்கான மூட்டைகளாகப் பிளாஸ்டிக் மணிகள். ஒரு கொள்கலனில் அமிலம் கசிவது பல நாட்களுக்கு முன்பே மாலுமிகளுக்குத் தெரியும். கத்தாரின் ஹமாட் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசீராவிலும் அதை இறக்கக் கேட்டு முடியாமல் போன பிறகே கப்பல் இங்கே வந்தது. நீர்கொழும்புக் கரையில் கடலாமைகள் செத்து ஒதுங்கின, மீனவர் மாதக்கணக்கில் கடலுக்குப் போக முடியவில்லை. நமது இறக்குமதி விதிகள் எல்லாம் நாட்டுக்குள் வரும் பொருளைப் பற்றியவை. வாசலில் காத்து நிற்கும் கப்பலின் வயிற்றில் என்ன இருக்கிறது, அது கசிந்தால் யார் எத்தனை மணிக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதில் நாம் ஆயத்தமில்லாமல் இருந்தோம். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பு நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

உடன்படிக்கைகளையும் அதிகம் நம்பிவிடக் கூடாது. ரொட்டர்டாம் பட்டியலில் ஒரு பொருளைச் சேர்க்க உறுப்பு நாடுகள் எல்லாம் ஒருமித்துச் சம்மதிக்க வேண்டும். பரகுவாட் கரைசலைச் சேர்க்கும் முன்மொழிவு மாநாட்டுக்கு மாநாடு தள்ளிப்போவது அதனால்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் பரகுவாட் தெளிக்க முடியாது. ஆனால் இங்கிலாந்தின் ஹடர்ஸ்பீல்டில் அது தயாராகி வேறு நாடுகளுக்குக் கப்பலேறியது. தன் வயலுக்கு ஆகாததை அடுத்தவன் வயலுக்கு விற்கலாம் என்ற இந்த ஏற்பாட்டை எந்த நியாயத்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை. வாங்கும் நாடு தானே சாத்தினால்தான் உண்டு. இலங்கை சாத்தியது.

அண்டை நாட்டின் பாதை வேறு. 1958இல் கேரளத்தில், கப்பலில் பரத்தியோனோடு ஒன்றாக வந்த கோதுமை மாவைச் சாப்பிட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த விசாரணையின் தொடர்ச்சியாக வந்ததுதான் இந்தியாவின் 1968ஆம் ஆண்டுப் பூச்சிகொல்லிச் சட்டம். ஆனால் இந்தியா பீடைகொல்லி செய்து உலகுக்கு விற்கும் நாடு. அதனால் அங்கே துறைமுகத்தில் படலை போட்டு மட்டும் காரியம் நடக்காது, தொழிற்சாலை வாசலிலும் போட வேண்டும். மாநில அரசுகளுக்கு ஒரு மருந்தை அறுபது நாள் அளவுக்கே நிறுத்திவைக்க அதிகாரம் உண்டு. தமிழ்நாடு அரசு சில ஆண்டுகளுக்கு முன், தற்கொலைகளைக் காரணம் காட்டி ஆறு மருந்துகளை அப்படி நிறுத்தியது. அறுபது நாள் முடிந்தால் முடிவு தில்லியினுடையது.

இரு கரைக்கும் இடையில் தலைமன்னாருக்கு நேரே சுமார் முப்பது கிலோமீற்றர் கடல். இங்கே தடை இறுகும் காலங்களில் அங்கிருந்து மருந்து படகேறுகிறது. கற்பிட்டிக் கரையில் கடற்படை பிடித்த மூட்டைகளில் மஞ்சளோடும் பீடி இலையோடும் களைகொல்லிப் பொதிகளும் இருந்தன. அவற்றில் நம் பதிவிலக்கம் இல்லை. உள்ளே இருப்பது லேபிள் சொல்வதுதானா என்று சோதித்தவர் யாரும் இல்லை. விலை மட்டும் பல மடங்கு. மாற்று இல்லாமல் போடும் தடை இந்தப் படகுகளுக்குத்தான் தொழில் கொடுக்கிறது. 1995க்கும் 2008க்கும் பிறகு இது இப்படிப் பெருகவில்லை, 2015க்கும் 2021க்கும் பிறகே பெருகியது.

இலங்கை 1995இல் நிறுத்திய மொனோகுரோட்டபொஸ், தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் பருத்தி வயல்களுக்குப் பக்கத்துக் கடைகளில் தொடர்ந்து விற்றது. அதன் 36 வீதக் கரைசலின் பதிவை நீக்க இந்திய அரசு 2023இல் ஆணையிட்டது, கையிருப்பு தீர ஓராண்டு அவகாசத்தோடு. இடையில் போன இருபத்தெட்டு ஆண்டுகளிலும் அனுராதபுரத்து வார்ட்டுகளின் கணக்கு அச்சிலேயே இருந்தது, எவரும் எடுத்துப் படித்திருக்கலாம். மதுரையிலும் தஞ்சாவூரிலும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில் நோயாளி குடித்த போத்தலின் பெயரை ஒழுங்காக எழுதி, மாதாமாதம் கூட்டி, ஃபரிதாபாத்தில் பதிவுக்குழு உட்காரும் மேசைக்கு அனுப்பும் ஏற்பாட்டை இப்போதாவது தொடங்கலாம். கெட்டம்பேயிலும் அந்தப் பழக்கத்தைக் கைவிடாமல் இருக்க வேண்டும், அடுத்த வர்த்தமானியை யார் எழுதினாலும்.